கிளாடிஸுக்குப் போர்த்திய பொன்னாடை

எங்கள் காலனியில் பதினாறு வருடம் மீன் விற்றவள் கிளாடிஸ். கடற்கரையை ஒட்டிய திரேஸ்புரத்துக்காரி. காலையில் ஏலத்தில் எடுத்த மீனை அலுமினியச் சட்டியில் வைத்து ஆட்டோவில் கொண்டுவருவாள். கேரி பேக்குக்குத் தடை வந்த அன்றே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், மீன் வேண்டுமானால் வீட்டு கேட்டில் தூக்குவாளியை மாட்டி வையுங்கள் என்று. மாட்டாத வீட்டுக்கு மீன் கிடையாது. என்ன மீன் என்று கேட்கவும் கூடாது. அன்றைக்கு வள்ளத்தில் எது பட்டதோ, சாளையோ நகரையோ காரலோ, அதைச் சுத்தம் செய்து வாளியில் போட்டு மூடிவிட்டுப் போவாள்.

"எப்பவும் நெய்மீனே வேணும்னா, கடல் என்ன உங்க வீட்டு பிரிட்ஜா டீச்சர்?" என்று ஒருநாள் என்னிடமே கேட்டாள். முப்பது வருடம் பாடம் நடத்திய நான், வாளியில் கிடந்த சாளையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

போன வருடம் காலனிச் சங்கச் செயலாளர் சிவப்பிரகாஷுக்கு பிளாஸ்டிக் ஒழிப்பு விழா நடத்தும் ஆசை வந்தது. கிளாடிஸை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார். அந்தப் பொன்னாடையே பிளாஸ்டிக் கவருக்குள்தான் வந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நன்றி என்று சொல்லிவிட்டு இறங்கியிருந்தால் பிழைத்திருப்பாள். பாவி, மைக்கைப் பிடித்து உள்ளதைச் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரரு வலையில மீனைவிட கவருதான் கூட ஏறுது. எல்லாம் இங்கன உள்ள வாய்க்கால் வழியா வாரதுதான். செயலாளர் சார் வீட்டுக்குப் பின்னால போய்ப் பாருங்க, எவ்வளவு கெடக்குன்னு தெரியும்."

எல்லோரும் கைதட்டினோம். சிவப்பிரகாஷ் மட்டும் சிரித்த முகம் மாறாமல் குனிந்து செல்போனைப் பார்த்தார்.

அடுத்த மாதமே காலனிக்குள் ஒரு கடிதம் சுற்றுக்கு வந்தது. தெருவில் மீன் தண்ணீர் சொட்டுகிறதாம், ஈ மொய்க்கிறதாம், இனி வியாபாரிகள் உள்ளே வரக்கூடாதாம். செல்போனில் ஆர்டர் போட்டால் சுத்தமான மீன் வாசலுக்கே வந்துவிடுமாம். கையெழுத்துகள் மளமளவென்று விழுந்தன. மீனும் வந்தது. வெள்ளைத் தட்டு, அதைச் சுற்றி பிளாஸ்டிக் தாள், அதற்கும் மேல் ஒரு கவர், கூடவே ஐஸ் பொட்டலம். கடலுக்கு இரண்டு கிலோமீட்டரில் குடியிருந்துகொண்டு குஜராத் மீனைத் தின்றோம். வெட்கம் கெட்ட பிழைப்பு.

வாசலில் தடுத்த வாட்ச்மேன் சிவனாண்டியிடம் கிளாடிஸ் சண்டை போடவில்லை. ஒரு வாரம் வெளியே ரோட்டோரம் சட்டியோடு உட்கார்ந்து பார்த்தாள். அவ்வளவு தூரம் யாரும் நடந்து போகவில்லை, நானும் போகவில்லை. கடைசியில் சங்கமே அவளுக்கு ஒரு வேலை கொடுத்தது. குப்பை பிரிக்கும் வேலை.

நேற்று எங்கள் வீட்டுக் குப்பையைக் கொட்டி, மீன் வந்த தட்டுகளையும் கவர்களையும் தனியே எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நிற்கவே எனக்குக் கூசியது. ஏதாவது பேச வேண்டுமே என்று, "அந்தச் செயலாளர் உனக்கு இப்படிப் பண்ணியிருக்கக் கூடாது கிளாடிஸ்" என்றேன்.

அவள் நிமிரவில்லை.

"அந்தக் கடுதாசிய சிவனாண்டி அண்ணாச்சி என்னைய வாசல்ல தடுத்த அன்னைக்கே எங்கிட்ட காட்டுனாவ, டீச்சர். சார் கையெழுத்து கடைசியிலதான் இருந்துச்சி. உங்களுதுதான் முதல்ல."