வெளியே அனுப்பும் டாக்டரம்மா

நகரியில் பஸ் ஏறிய அந்த அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த வெயிலிலும் முழுக்கை ரவிக்கை. அதை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தார். ஒரு காது கேட்கவில்லையாம், திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போகிறாராம்.

நானும் பெரிய புத்திசாலி போலக் கேட்டேன்: "ஊர்லயே போன்ல டாக்டர் பாக்குறாங்களேக்கா?"

முன்சீட்டில் இருந்த தன் கணவரைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: "போன்ல பேசுனா இவரு பக்கத்துலயே குந்திக்கினு இருப்பாரு. அங்க டாக்டரம்மா இவர வெளிய அனுப்பிட்டுதான் பாப்பாங்கம்மா. காது எப்படிப் போச்சின்னு இன்னிக்காவது சொல்லிடணும்."

புத்தூரில் பஸ் நின்றபோது கணவருக்குப் போன் வந்தது. பேசி முடித்துத் திரும்பினார்.

"டாக்டரம்மா இன்னிக்கி வரலியாம். போன்லயே பாக்குறாங்களாம். எறங்கு."

பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியே பார்த்தேன். அக்காவின் முகத்துக்கு நேரே போனை அவர்தான் பிடித்திருந்தார். டாக்டரம்மா என்ன கேட்டாரோ, எல்லாவற்றுக்கும் அக்கா தலையாட்டிக்கொண்டிருந்தார்.