பெண்கள் பக்கத்து விசில்

வேலையில் சேர்ந்த முதல் நாள் ஓவர்சியர் என் கையில் ஒரு பித்தளை விசிலைக் கொடுத்து, "ஊதிக் காட்டும்மா" என்றார். ஊதினேன். காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை. ஆபீசில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். பிறர் என்னைப் பார்த்துச் சிரித்தால் கூடவே சிரித்துவிடுவது, அந்த வயதில் எனக்குத் தெரிந்த ஒரே சாமர்த்தியம்.

இது யுத்தத்துக்கு முந்தி, குற்றாலத்தில் நடந்தது. எந்த ஆபீஸ் என்று எழுதப் போவதில்லை. அதில் இருந்த பெரிய மனிதர்கள் எல்லாரும் நல்ல பெயரோடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதை நான் எதற்குக் கெடுக்க வேண்டும்?

என் உத்தியோகத்தின் பெயர் 'பெண்கள் பக்கம் காவல்'. சீசனில் மட்டும் வேலை, சீசனில் மட்டும் சம்பளம். பெரிய அருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். மலைமேல் மழை கொட்டினால், கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் இறங்கிவிடும். ஆண்கள் பக்கத்துக் காவல்காரர் தண்ணீர் சிவந்து தலையில் விழுந்த பிறகுதான் ஊதுவார். அவர்களுக்கு அது போதும். கோவணத்தோடு ஓடிவிடுவார்கள். பெண்கள் அப்படியா? ஈரச்சேலையைச் சுற்ற வேண்டும், பிள்ளையைத் தூக்க வேண்டும், எண்ணெய்க் கிண்ணத்தையும் சீயக்காய்ப் பாத்திரத்தையும் தேட வேண்டும். ஆகவே வெள்ளம் வருவதற்கு முன்பே, நாலு சருகும் கொஞ்சம் மண்வாடையும் வரும்போதே அவர்களை வெளியேற்றியாக வேண்டும். ஆண் காவலர் உள்ளே போகக் கூடாது. வெளியே நின்று கத்தினால் அருவிச் சத்தத்தில் கேட்காது. முந்தின வருஷம் ஒரு பெண்ணுக்குத் தலை உடைந்த பிறகு, பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு பெண்ணைக் காவலுக்குப் போட்டார்கள். அவள்தான் இந்த ஆவுடை.

நான் ஆசைப்பட்டு வந்தவள் இல்லை. என் வீட்டுக்காரர் புளியறைப் பக்கம் காட்டில் மரம் வெட்டும் கூப்பில் வேலை பார்த்தவர். வெட்டின தடி உருண்டு விழுந்து கால் ஒடிந்து, தென்காசியில் எங்கள் வீட்டில் படுத்திருந்தார். அடுப்பு எரிய வேண்டும், அதற்காக வந்தேன்.

என் குணத்தையும் சொல்லிவிடுகிறேன். ரசம் வைத்தால் பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு கரண்டி கொடுத்து, உப்பு சரியா என்று கேட்காமல் இறக்க மாட்டேன். அவள் சரி என்றாலும் எதிர்வீட்டுக்காரிக்கு ஒரு கரண்டி போகும். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். இப்படிப்பட்டவளைத்தான் வெள்ளம் வருமா வராதா என்று சொல்ல நிறுத்தியிருந்தார்கள்.

ஓவர்சியரின் ஞானம்

ஓவர்சியர் தொப்பியும் குடையுமாக ரோட்டு ஓரம் நிற்பார். எனக்குச் சந்தேகம் வந்தால் அவரிடம் ஓடுவேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு மலையைப் பார்ப்பார்.

"உனக்கு என்னம்மா தோணுது?" என்பார்.

"தெரியல சார். ரெண்டு மூணு சருகு வருது. வெளியேத்திரலாம்னு தோணுது."

"ம். நானும் அதைத்தான் நினைச்சேன். வெளியேத்திரு."

ஓடிப்போய் ஊதுவேன். இதற்குள் ஊதவும் பழகியிருந்தேன். 'இல்ல சார், இது சும்மா சருகுதான்னு தோணுது' என்று நான் சொல்கிற நாளில், 'ம், நானும் அதைத்தான் நினைச்சேன்' என்று குடையை மறு கைக்கு மாற்றுவார். ரோட்டில் நின்றபடியே அருவியின் மனசைப் படிக்கிறாரே என்று எனக்கு ஒரே பிரமிப்பு. வீட்டில் தினமும் அவர் பெருமைதான்.

ஒருநாள் என் வீட்டுக்காரர் படுத்தபடியே கேட்டார். "ஏட்டி, அவரு குடைக்குள்ள நிக்காரு. தண்ணில வார சருகு அங்கன இருந்து அவரு கண்ணுக்கு எப்படித் தெரியுது?"

"அவுக படிச்சவுக" என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

பிறகு ஒரு மத்தியானம் சருகு வந்தபோது ரோட்டில் ஓவர்சியரைக் காணோம். தேடிப் போனால், எண்ணெய் தேய்க்கும் பலகையில் குப்புறப் படுத்திருந்தார். ஒரு ஆள் முதுகில் ஏறி மிதித்துக்கொண்டிருந்தான். என் குரல் கேட்டதும், தலையைக்கூடத் தூக்காமல், "உனக்கு என்னம்மா தோணுது?" என்றார்.

"வெளியேத்திரலாம்னு தோணுது சார்."

"நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றது பலகை.

திரும்பி ஓடும்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் நான் சொன்னதை நானே அவர் வாயிலிருந்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன். இது தெரிந்ததும் எனக்குத் தைரியம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, பயம்தான் வந்தது. அப்படியானால் இங்கே விஷயம் தெரிந்தவர் ஒருவருமே இல்லையா?

ஊதினேன். பெண்கள் வெளியே வந்தார்கள். வெள்ளம் வரவில்லை.

அன்று குளித்துக்கொண்டிருந்தவர்களில் சுரண்டைப் பக்கத்துப் பண்ணையார் வீட்டு ஆச்சி ஒருத்தர். தலை நிறையச் சீயக்காயோடு வெயிலில் நின்றதில், அது காய்ந்து உதிர ஆரம்பித்துவிட்டது. ஆச்சி நேரே ஆபீசுக்குப் புகார் அனுப்பினார். விசாரணையில் ஓவர்சியர், "நான் எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன். இது வந்து ஏதோ கேட்டுது. நான் ஒண்ணுமே சொல்லலை" என்றார். யோசித்துப் பார்த்தால் அது முழு உண்மை. அவர் அந்தச் சீசன் முழுக்க ஒன்றுமே சொல்லவில்லை.

முதுகு காட்டி நின்றவர்

பெண்பிள்ளை கையில் விசில் இருந்தால் இப்படித்தான் கண்டபடி ஊதுவாள் என்று முடிவாயிற்று. விசிலை இன்னொரு காவலாளான சுடலைமுத்து அண்ணாச்சியிடம் கொடுத்தார்கள். மேலகரத்துக்காரர், யார் வம்புக்கும் போகாதவர். நான் உள்ளே பார்த்து வந்து அவரிடம் சொல்ல வேண்டும், அவர் ஊத வேண்டும்.

ஆனால் பெண்கள் குளிக்கும் இடத்தின் வாசலில் ஒரு ஆண் நிற்பது மரியாதையா? அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். அண்ணாச்சி அருவிக்கு முதுகைக் காட்டி, கடைத்தெருவைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும் என்று உத்தரவு. அவரும் சத்தியவான், ஒருமுறைகூடத் திரும்பவில்லை. எந்தக் கடைக்கு மங்குஸ்தான் வந்தது, எவன் பலாச்சுளை எண்ணிக்கையில் ஏமாற்றுகிறான் என்றெல்லாம் அவருக்கு அத்துபடி. அருவிக்குக் காவல் நின்றவருக்கு அருவியைத் தவிர மற்ற எல்லாம் தெரிந்தது.

நான் போய், "அண்ணாச்சி, சருகு வருது, ஊதுங்க" என்பேன்.

"நிச்சயமா தாயி?" என்பார்.

நிச்சயமா என்று கேட்டால், கிழக்கே சூரியன் உதிப்பதைக்கூட நான் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்லியிருப்பேன்.

"நிச்சயம்னு எப்படி அண்ணாச்சி சொல்ல?"

"அப்பம் நிச்சயமான பொறவு வா தாயி. எனக்கு நாலு பொம்பளைப் பிள்ளைக."

திரும்பிப் போவேன். நிச்சயமாகும். அது நிச்சயமாகும்போது தண்ணீர் தலையில் இடித்துக்கொண்டிருக்கும். அப்படி ஒருநாள், எல்லாரும் ஒரே நேரத்தில் முண்டியடித்ததில் கடையநல்லூரிலிருந்து வந்திருந்த ஒரு சின்னப் பெண் பாறையில் முகம் அடிபட விழுந்தாள். முன்பல் இரண்டும் போய்விட்டது. வாயைப் பொத்திய கைவழியே ரத்தம் ஒழுகியது. அவள் அம்மா என்னை ஒன்றும் திட்டவில்லை. "நீ முன்னமே சொல்லியிருக்கப்படாதாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

முன்னமே தெரியும். முன்னமே சொல்லவும் செய்தேன். 'நிச்சயமா' என்று கேட்டதும் திரும்பிப் போய்விட்டேன். அன்று வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைக்க முடியவில்லை. அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

கழுத்தோடு வந்த விசில்

சில நாள் கழித்து, நல்ல வெயில். பெண்கள் பக்கம் நெரிசல். சுரண்டை ஆச்சி மறுபடியும் வந்திருந்தார், மருமகளும் இடுப்புக் குழந்தையுமாக. தலையில் அன்றைக்கும் சீயக்காய். ஒரு கைப்பிடிச் சருகு வந்தது. லேசாக மண்வாடை அடித்தது போலவும் இருந்தது, அடிக்காதது போலவும் இருந்தது. வாசலுக்குப் போனேன்.

"ஊதுங்க அண்ணாச்சி."

"நிச்சயமா தாயி?"

"நிச்சயம் இல்ல. ஊதுங்க."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நிச்சயமில்லாம எப்படி ஊத? என் சோறு போயிரும்லா."

விசில் அவர் கழுத்தில் தடித்த கயிற்றில் தொங்கியது. அவிழ்க்க நேரமில்லை. எட்டிப் பிடித்து என் வாய்க்கு இழுத்தேன். அண்ணாச்சியின் தலையும் கூடவே வந்தது. இழுத்த இழுப்பில் அவர் அருவியைப் பார்க்கத் திரும்பிவிட்டார். மனுஷர் உடனே இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டார். அவர் காதுக்குப் பக்கத்திலேயே, என் மூச்சு தீரும்வரை ஊதினேன்.

பெண்கள் வெளியே வந்தார்கள். நின்றோம். வெயில் அடித்தது. அருவி முன்பு விழுந்தது போலவே விழுந்தது. ஆண்கள் பக்கத்தில் யாரோ பாடிக்கொண்டே குளித்தார்கள்.

ஆச்சியின் நெற்றியில் சீயக்காய் வெடிக்க ஆரம்பித்தது. "ஏட்டி, நான் தலையில சீயக்கா வச்சாத்தான் உனக்கு வெள்ளம் வருமா?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். அங்கே இருந்த அத்தனை பேரும், ஆச்சியின் மருமகள் உட்பட. நான் சேர்ந்து சிரிக்கவில்லை. வாய் தானாகச் சிரிக்கத்தான் போயிற்று. அந்தக் கடையநல்லூர்ப் பெண்ணின் பல் ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னும் செத்த நேரம் நிக்கணும் ஆச்சி. நான் சொன்ன பொறவு இறங்கலாம்" என்றேன். கால் இரண்டும் சேலைக்குள் உதறிக்கொண்டிருந்தன. நல்லவேளை, சேலை.

வெள்ளம் வரவில்லை. வாடை போனதும் நானே எல்லாரையும் இறங்கச் சொன்னேன்.

மறுநாள் காலை விசாரணை. மேஜைக்கு அந்தப் பக்கம் ஆபீஸ் தலைவர், பக்கத்தில் ஓவர்சியர்.

"யாரைக் கேட்டு ஊதின?" என்றார் தலைவர்.

"யாரையும் கேக்கல சார்."

"தண்ணி வரலையே?"

"வரல சார்."

"அப்பம் நீ செஞ்சது தப்புதான?"

வேலை போனால் வீட்டில் அடுப்பு இல்லை. 'தப்புதான் சார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் மன்னித்து அனுப்பிவிடுவார்கள், அந்த வார்த்தை நுனிநாக்கில் நின்றது.

"தப்புன்னு இன்னைக்கு ஒத்துக்கிட்டா, நாளைக்கு என்னால ஊத முடியாது சார். நாளைக்கும் இதே மாதிரி சருகு வந்தா ஊதுவேன். நிச்சயம் இருந்தாலும் ஊதுவேன், இல்லாட்டாலும் ஊதுவேன். வேண்டாம்னா இப்பமே வேற ஆளைப் போட்டுருங்க."

வேறு ஆளைப் போடுவது பற்றி அவர்கள் ரொம்ப நேரம் யோசித்தார்கள். எந்த வீட்டிலும் பெண்ணை அனுப்ப மாட்டார்கள். ஆணைப் போட்டால் திரும்பி நிற்க வேண்டும். இதற்கிடையில் சுடலைமுத்து அண்ணாச்சி விசிலைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "எனக்கு இது வேண்டாம் சாமி. கழுத்து ஒரு பக்கமா நிக்கி" என்றார். கடைசியில் என்னைக் கடுமையாக எச்சரித்து, எச்சரித்த கையோடு விசிலையும் கொடுத்தார்கள்.

வெளியே வந்ததும் ஓவர்சியர் குடையை விரித்துக்கொண்டே மெல்லச் சொன்னார். "நானும் அதைத்தான் நினைச்சேன்மா."

வந்த வெள்ளம்

சீசன் முடிவதற்குள் வெள்ளமும் வந்தது. அதே வெயில், அதே சருகு, அதே ஆச்சி. ஊதினேன். ஆச்சி முணுமுணுத்துக்கொண்டு கடைசி ஆளாக வெளியே வந்தார். அவர் சேலையைப் பிழிந்துகொண்டிருக்கும்போது தண்ணீர் செக்கச்செவேல் என்று இறங்கியது, முழுசாக ஒரு மரக்கிளையோடு. ஆச்சி உட்கார்ந்திருந்த பாறைமேல் கிளை விழுந்து, சீயக்காய்ப் பாத்திரம் போன இடம் தெரியவில்லை. ஆண்கள் பக்கம் அலறிக்கொண்டு கடைத்தெரு வரை ஓடியது. சிலர் என்ன கட்டியிருந்தார்கள் என்பதை எழுத வேண்டாம்.

ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்படிட்டி உனக்கு அவ்வளவு நிச்சயமாத் தெரிஞ்சுது?"

"நிச்சயமாத் தெரியல ஆச்சி. தெரியாமத்தான் ஊதுனேன்."

இந்தப் பதில் ஆச்சிக்குப் பிடிக்கவில்லை. என்மேல் அம்மன் இறங்குகிறாள் என்று சுரண்டை முழுக்கச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு கொஞ்ச காலம், காணாமற்போன கன்றுக்குட்டியைப் பற்றியெல்லாம் என்னிடம் வந்து கேட்டார்கள். வெள்ளம் வராத நாளில் என்னைக் கிறுக்கி என்றவர்களும் அவர்களேதான். இரண்டையும் ஒரே காதில் வாங்கப் பழகிக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் பல சீசன் அதே இடத்தில் நின்றேன். ஊதி வெள்ளம் வராத நாள்தான் அதிகம். இப்போது வேலைக்குப் போகும் பெண்பிள்ளைகள், "உங்களுக்கு எப்படி அத்தை அவ்வளவு தைரியம்?" என்று என்னைக் கேட்கிறார்கள். தைரியம் வந்த பிறகு ஊதலாம் என்று இருந்திருந்தால், நான் இன்னும் வாசலில்தான் நின்றுகொண்டிருப்பேன். கால் நடுங்கும்போதே ஊத வேண்டியதுதான். தப்பாகப் போனால், தப்பாகப் போயிற்று என்று சொல்லிவிட்டு மறுநாளும் போய் நிற்க வேண்டும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

வெள்ளம் வந்த அன்று வீட்டுக்குப் போய் ரசம் வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி வழக்கம்போல் கரண்டிக்காக வாசலில் வந்து நின்றாள். நான் யாரையும் கேட்காமல் இறக்கினேன். என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பு கம்மிட்டி" என்றார்.

உப்புச் சாடியை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, எனக்குச் சோறு போட்டுக்கொண்டேன்.