நல்லதண்ணியிலிருந்து டிரெயிலரில் வந்த பாண் வண்டி

தயவுசெய்து இதை யாரிடமும் காட்டாதீர்கள், முக்கியமாக எங்கள் பள்ளிக்கூடத்தில். கையெழுத்துப் பத்திரிகைக்கு நான் கொடுத்த பயணக் கட்டுரையில் நல்லதண்ணிக்கு மாமாவின் காரில் போய் வந்ததாக எழுதினேன். கார் உண்மைதான். காருக்குப் பின்னால் என்ன வந்தது என்பதை எழுதவில்லை. மூன்று சக்கர வண்டியை மலைப்பாதையில் இழுத்துவர வேண்டியவர்களுக்கு உதவட்டும் என்று அதை இங்கே எழுதுகிறேன்.

அப்பா ஹட்டனில் பேக்கரி வைத்துப் பாண், அதாவது ரொட்டி, சுடுகிறார். மலைக்கு யாத்திரை வருகிற சீசனில் அடிவாரத்து நல்லதண்ணிக் கடைகளுக்குப் பாண் கொண்டுபோவது, பின்னால் பெட்டி வைத்த எங்கள் மூன்று சக்கர மோட்டார் சைக்கிள். நாலு வருடமாக மாணிக்கம் அண்ணன்தான் அதை ஓட்டுகிறார். இந்த மாசியில் அங்கேயே அதன் கியர்பெட்டி உடைந்துபோனது. ஹட்டனில்தான் அதைச் சரிசெய்ய முடியும். தூரம் ஏறக்குறைய இருபது மைல்.

ஹட்டன் பட்டறையில் வாடகைக்கு இரண்டு டிரெயிலர்கள் இருந்தன. இரும்புத் தகடு போட்டது எட்டு அந்தர் எடை (ஓர் அந்தர் ஏறக்குறைய ஐம்பது கிலோ), குழாய்ச் சட்டத்தில் பலகை அடித்தது மூன்று அந்தர். எங்கள் வண்டி ஐந்து அந்தர். மாமாவின் சின்னக் கார் ஏற்றத்தில் எட்டு அந்தருக்கு மேல் இழுக்காது என்பதால் பலகை டிரெயிலரை எடுத்தோம். ஒரு நாளைக்கு ஐந்து ரூபாய். அதில் பிரேக் கிடையாது. மாமாவின் காரிலும் கைப்பிரேக் சரியாகப் பிடிக்காது. அதனால் கார் நின்ற உடனே டிரெயிலர் சக்கரத்துக்குப் பின்னால் கட்டை போட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு மாமா, அப்பா, மாணிக்கம் அண்ணன், நான் நாலு பேரும் புறப்பட்டு எட்டேகாலுக்கு நல்லதண்ணியில் இறங்கினோம். வெறும் டிரெயிலர் வழியெல்லாம் குதித்தது. மாமா ஏற்றுவதற்கு இரண்டு பலகைதான் கொண்டுவந்திருந்தார்.

"மூணு டயருக்கு ரெண்டு பலகையா மச்சான்? நடு டயரு பறந்து வருமா?" என்று அப்பா கேட்டார்.

மாமா ஒரு தேங்காய்க் கடையில் மூன்றாவது பலகையை இரவல் வாங்கி வந்தார். முதலில் வண்டியை முன்சக்கரம் முன்னால் இருக்கும்படி ஏற்றினோம். பெட்டியின் பாரம் முழுவதும் பின்பக்கம் விழுந்து, காரில் மாட்ட வேண்டிய முனை மேலே எழும்பிவிட்டது.

"முதலாளி, நம்ம வண்டி சாமி கும்புடப் பாக்குது" என்றார் மாணிக்கம் அண்ணன்.

மறுபடி இறக்கி, பெட்டிப் பக்கம் முன்னால் வரும்படி பின்புறமாக ஏற்றினோம். பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் இருந்தால்தான் டிரெயிலர் வாலாட்டாமல் வரும். கயிற்றைக் குறுக்கும் மறுக்குமாகக் கட்டினோம். இதற்கே ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது.

மஸ்கெலியாவுக்குப் பதினொன்றரைக்கு வந்தோம். இறக்கங்களில் மாமா முதல் கியரிலேயே விட்டார். மூன்று மைலுக்கு ஒருமுறை நிறுத்திக் கயிற்றை இறுக்கினோம். ஒவ்வொரு முறையும் நான் குதித்து இறங்கிக் கட்டையைப் போட்டேன். என் கையும் பாவாடையும் கறுப்பெண்ணெய் ஆகிவிட்டன.

நோர்வூட்டைத் தாண்டிய ஏற்றத்தில் ஒன்றேகால் மணிக்கு நின்றோம். மாணிக்கம் அண்ணன் டிரெயிலருக்குப் பின்னால் போய்க் கயிற்றைப் பிடித்தார். அப்பா காருக்குப் பக்கத்தில் நின்றார். நான் கட்டையோடு இறங்கினேன். அப்போது எதிரே ஒரு பஸ் வந்து, வழி போதாமல் நின்றது. உள்ளே எங்கள் வகுப்புப் பிள்ளைகள் மலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஏய் வசந்தா! இங்க என்னா செய்யிற?" என்று ராணி தலையை நீட்டினாள்.

அப்பா தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர் என்று நான் அவளிடம் சொல்லியிருந்தேன். கட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"மாமாவோட மலைக்குப் போயிட்டு வாரேன்."

"பின்னால என்னாடி, பாண் வண்டியா? அந்த ஆளுங்க யாரு?"

"தெரியாது. வழியில கெஞ்சினாங்க, மாமா இழுத்துட்டு வாராரு."

பஸ் மெதுவாக நகர்ந்தது. நான் சிரித்துக்கொண்டு கையாட்டினேன். மற்றக் கையில் கட்டை இருந்தது. கட்டை போட்டாயிற்று என்று நினைத்து மாமா பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். டிரெயிலர் பின்னால் உருண்டது. மாணிக்கம் அண்ணனின் வலது பாதம் சக்கரத்துக்கு அடியில் போனது. மாமா மறுபடி பிரேக்கை மிதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாணிக்கம் அண்ணன் அலறியது எனக்கு இன்னும் கேட்கிறது. யாரும் பார்ப்பதற்குள் நான் கட்டையைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் போட்டுவிட்டேன்.

அப்பா ஓடி வந்து கேட்டார். "கட்டை போட்டியா புள்ள?"

"போட்டேன்பா."

அப்பா மாணிக்கம் அண்ணனைப் பார்த்தார். "அப்ப நீதான் காலால தட்டி விட்டுருக்க. நாலு வருசம் ஓட்டுனவனுக்கு இது தெரியாதா?"

பஸ் இரைச்சலில் அப்பாவுக்குக் கேட்காத என் பேச்சையெல்லாம் மாணிக்கம் அண்ணன் பக்கத்தில் நின்று கேட்டவர். என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு, "கவனிக்கலீங்க முதலாளி" என்றார். அவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு மூன்றரைக்கு வீடு வந்தோம்.

அவருக்கு இரண்டு விரல் எலும்பு முறிந்திருக்கிறது. வண்டி வெள்ளிக்கிழமை சரியாகிவிட்டது. கவனமில்லாத ஆள் வேண்டாம் என்று அப்பா புதிதாக ஒருவரைப் பேசிவிட்டார். விடிந்தால் அவர்தான் ஓட்டப்போகிறார். கால் ஆறினாலும் மாணிக்கம் அண்ணனுக்கு இங்கே வேலை இல்லை.

டிரெயிலர் எடுப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். இலேசானதையே எடுங்கள். பலகை மூன்று கொண்டுபோங்கள், பாரம் முன்னால் இருக்கட்டும். கட்டை போடுகிறவருக்கு வேறு எந்த நினைப்பும் இருக்கக் கூடாது. கட்டை போட்டாயிற்று என்று அவர் வாயால் சொல்லும்வரை யாரும் பின்னால் போகக் கூடாது.

இரண்டு முறை அப்பாவிடம் சொல்லப் போய்த் திரும்பிவிட்டேன். அடிப்பார் என்று பயமில்லை. அந்த ஆளுங்க யாரென்று தெரியாது என்று நான் சொன்னதில் அவரும் சேர்த்தி. அதை எப்படி அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது? ஆனால் புது ஆள் வண்டியை எடுப்பதற்குள் சொல்லியாக வேண்டும். அப்பா மாவு பிசைய எழுந்ததும்—

கதவைத் தட்டுகிறார்கள். புது ஆள் வரும் நேரம் இன்னும் ஆகவில்லை.

"முதலாளி, நான்தாங்க, மாணிக்கம். வண்டிச் சாவியக் குடுத்துட்டுப் போயிடுறேன்."

அப்பாவின் கட்டில் கிரீச்சிடுகிறது. அவர் கதவைத் திறப்பதற்கு முன்னால் நான் போய்ச் சொல்லிவிடுகிறேன்.