ட்ரம்மின் அடிப்பக்கம்

பெயரைச் சொன்னால்தான் காட்டிக்கொடுத்ததாக ஆகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு முட்டாளாக இருந்திருக்கிறேன்.

சுனாமிக்கு அடுத்த வருஷம். தொழிலாளர் ஆய்வாளர் வேலைக்குப் பயிற்சி முடித்த கையோடு என்னை மரக்காணம் பக்கம் அனுப்பினார்கள். பயிற்சியில் பன்னாட்டு உடன்படிக்கை ஒன்றை வரி வரியாகப் படித்திருந்தோம். புகார் கொடுத்தவர் யார் என்பது வெளியே தெரியக்கூடாது, புகாரின் பேரில்தான் வந்திருக்கிறோம் என்பதைக்கூட முதலாளிக்குக் காட்டிக்கொள்ளக்கூடாது என்று அதில் இருக்கிறது. தேர்வில் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். தலைக்கனம் ஏறித்தான் இருந்தது.

பஸ் ஸ்டாண்டில், நான் யார் என்று விசாரித்து வைத்திருந்த ஒரு பெண் என்னை நிறுத்தினாள். உப்பளத்தில் கூடை சுமக்கிறவள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று கால் விரல்கள் வெடித்திருந்தன.

"சார், நாங்க குடிக்கிற தண்ணி ட்ரம்மு பழைய பூச்சி மருந்து ட்ரம்முங்க. அடியில மண்டை ஓடு படம் போட்டிருக்குது. காலையில அத கவுத்துக் கழுவுறது நான் ஒருத்திதான், அதனால எனக்கு மட்டும்தான் தெரியும். நிறைய பேருக்கு வயித்து வலி. ஆனா நான் சொன்னேன்னு வெளிய வரக்கூடாது சார். புருஷன் இல்ல, ரெண்டு பொண்ணுங்க இருக்குதுங்க. இந்த வேலைய விட்டா வேற கதியில்ல."

"உங்க பேரே எனக்கு வேணாம்மா. பயப்படாம போங்க" என்றேன். கேட்டுக்கொள்ளவும் இல்லை. இன்றுவரை தெரியாது.

மறுநாள் காலை அந்த அளத்துக்குப் போனேன். "வாங்க சார், இளநி வெட்டச் சொல்லட்டா?" என்றார் மேஸ்திரி. முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நேராகக் கீற்றுக் கொட்டகைக்குள் நுழைந்தேன். வருகைப் பதிவேடு, முதலுதவிப் பெட்டி, கழிப்பறை என்று பார்க்க எத்தனையோ இருந்தன. பத்தோடு பதினொன்றாக அந்த ட்ரம்மையும் பார்த்திருக்க வேண்டும். நான் வேறு எதையும் தொடவில்லை. தண்ணீரைக் கொட்டினேன், ட்ரம்மைக் கவிழ்த்தேன், அடிப்பக்கத்தைக் கையால் துடைத்தேன். பாதி அழிந்த மண்டை ஓடு தெரிந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

மேஸ்திரி படத்தைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"அடியில இருக்கிறது உங்களுக்கு எப்பிடி சார் தெரிஞ்சுது?"

"எல்லாத்தையும்தான் பார்ப்போம்."

"வேற எதையும் பாக்கலியே சார்." மரியாதையாகத்தான் சொன்னார். அப்புறம் மெதுவாக வரப்புப் பக்கம் திரும்பினார். பெண்கள் உப்புக் கூடையோடு வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். அவர் தேடவில்லை. பார்வை போய் விழுந்த இடத்தில் அவள் நின்றுவிட்டாள். மற்றவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

சில நாளில் புது ட்ரம் வந்தது. ஆபீசில் சபாஷ் போட்டார்கள். மறுபடி நான் போனபோது வரப்பில் அவள் இல்லை. எங்கே என்று கேட்டால் அதுவும் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஒருத்தி, என்னைப் பார்க்காமலே, "அவள இந்தச் சுத்துவட்டாரத்துல எந்த அளத்துலயும் சேத்துக்க மாட்டேங்கிறாங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மேலதிகாரியிடம் சொன்னேன். "அந்தம்மா எழுத்துல கொடுத்தாங்களா? பழிவாங்கினாங்கன்னு எதை வச்சுப்பா நிரூபிப்பே?" என்றார்.

அதற்குப் பிறகு எந்தத் தொழிற்கூடத்துக்குள் கால் வைத்தாலும் முதலில் அவள்தான் கண்ணில் பட்டாள். சாப்பிட உட்கார்ந்தால்கூட வந்தாள். தலையில் கூடையோடு சும்மா நிற்பாள். திட்டித் தீர்த்திருந்தால் தேவலை என்று இருக்கும்.

மறு வருஷம், கூனிமேட்டுப் பக்கம் இறால் உரிக்கிற கொட்டகை ஒன்றுக்கு ஆய்வுக்குப் போனேன். ஐஸும் இறாலும் கொட்டிக் கிடந்தன. முன்னால் வரிசையாகப் பெண்கள். யாரையும் தனியாகப் பிரித்துப் பார்க்காமல், எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வந்தேன். கொட்டகைக்காரர் என் முதுகோடு ஒட்டி வந்தார். கடைசியாக உட்கார்ந்திருந்தவள் அவள். எனக்கு முன்பே அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டிருந்தாள். அவள் விரல்களில் தோல் உரிந்து, நகத்தைச் சுற்றிச் சீழ் வைத்திருந்தது.

"கைக்கு உறை தர்றதில்லையாம்மா?" என்றேன்.

"தர்றாங்க சார். நான்தான் போட்டுக்கிறதில்ல."

"விரலெல்லாம் புண்ணா இருக்குதே?"

"அது வீட்டுல பட்டது."

நிமிர்ந்து பார்த்தாள். கோபமே இல்லை அந்தக் கண்ணில், பயம்தான் இருந்தது. என்னைப் பார்த்துத்தான் பயந்தாள்.

"இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்குது. எழுதிக்கங்க சார்."

எழுதிக்கொண்டேன்.