கதவிடுக்கில் தீக்குச்சி

ஆர்வில் டிரெஸ்லரைப் பெரிய துப்பறிவாளன் என்று எங்கள் தெருவில் இன்றும் சொல்கிறார்கள். சொல்லட்டும். நான் ஒப்ப மாட்டேன். போர் முடிந்த புதிதில், லாஸ் ஏஞ்சல்ஸ் மேட்டுத்தெருவில் என் வீட்டில் நான் வாடகைக்கு விட்ட மாடியறையில் குடியிருந்தவன். அவனிடம் பெரிதாக இருந்தது தொப்பி ஒன்றுதான்.

ஹோட்டல் ஒன்றில் அவனுக்குக் காவல் வேலை. பொய்ப்பெயரில் ஜோடியாக வந்து தங்குபவர்களைப் பிடிப்பான். சந்தேகப்பட்ட அறைக் கதவிடுக்கில் வெளியிலிருந்து ஒரு தீக்குச்சித் துண்டைச் செருகிவிட்டுப் போவான். அது விழுந்து கிடந்தால் யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள். இதற்கு ஒரு மூளை, அதற்கு ஒரு சம்பளம்.

அந்த ஹோட்டல் நடனக்கூடத்தில் கழுத்தில் தட்டு மாட்டிக்கொண்டு சிகரெட் விற்றவள் லோரீன். குடித்துவிட்டு அவள் கையைப் பிடித்த ஒருவனை ஆர்வில் வெளியே தள்ளினான். அந்த ஒரு நல்ல காரியத்துக்காக அவனைக் கட்டிக்கொண்டாள். அவன் சொன்னான் என்று வேலையையும் விட்டாள். உயிரையே வைத்திருந்தாள், பைத்தியக்காரி.

சில மாதங்களில் என் மாடிக் கதவிலும் குச்சி முளைத்தது. சிரித்துச் சிரித்து விற்றவள் எவனைப் பார்த்தும் சிரிப்பாளாம். அவனைப் பார்த்துச் சிரித்தது மட்டும் காதலாம்.

குச்சி விழுந்துவிடுமே என்று லோரீன் கடைக்குப் போவதைக்கூட நிறுத்தினாள். ஒருநாள் மத்தியானம் மனசு கேட்காமல் நானே கதவைத் திறந்து சூப் கொடுத்தேன். சாயங்காலம் அவன் என் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"மத்தியானம் மேல வந்தது யாரு?"

"நான்தான். ஒம் பொண்டாட்டி பட்டினியா கெடந்தா."

"அவளுக்காகப் பொய் சொல்றீங்க. பொய் சொல்ற மூஞ்சி எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சரி தம்பி. தொப்பியக் கழட்டிட்டுக் கண்ணாடியப் பாரு."

அவன் மேலே போய்த் தலையணையை முகர்ந்தான், சாம்பல் கிண்ணத்தைக் கிளறினான். வந்தவன் பெயரைச் சொல் என்று அவளைத் தூங்கவிடாமல் குடைந்தான். இல்லாதவனுக்கு அவள் என்ன பெயர் சொல்வாள்?

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் லோரீன் பெட்டியோடு இறங்கி வந்தாள்.

"அவருக்கு எம்மேல ஆசையில்லன்னு மட்டும் சொல்லாதீங்க, ஆக்னஸம்மா."

"பூனைக்கும் எலிமேல ஆசைதான், கண்ணு."

சிரித்தாள். ஆனால் வாசல்வரை போனவள் பெட்டியை வைத்துவிட்டு மறுபடி மாடியேறினாள். மனசு மாறிவிட்டாளோ என்று பயந்து பின்னாலேயே போனேன். பூட்டிய கதவின் முன் குனிந்து, விழுந்த குச்சியை எடுத்துப் பழைய இடத்திலேயே செருகிக்கொண்டிருந்தாள்.

"கீழ கெடந்தா பதறிப்போவாரு," என்றாள்.

அன்று மாலை துப்பறிவாளன் வந்தான். குச்சியைப் பார்த்தான். கதவைத் திறக்கக்கூட இல்லை. அதை உருவி எடுத்துக்கொண்டு நேராக என் சமையலறைக்கு வந்தான்.

"பாத்தீங்களா? இன்னிக்கி யாரும் வரல. ஒழுங்கா இருந்திருக்கா."

அடுப்பிலிருந்து நான் திரும்பவில்லை.

"போய் அவகிட்டயே சொல்லு," என்றேன்.

சீழ்க்கையடித்தபடி படியேறினான். கதவு திறக்கும்வரை அது கேட்டது.