இரண்டாவது சடை

நோய் எனக்கு முதலில் தெரிந்தது மகளின் இரண்டாவது சடையில்தான். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் பின்னி, மடித்து, ரிப்பன் கட்டிவிட்டேன். மறுபக்கம் பாதியில் கைகள் தானாக இறங்கிவிட்டன. வலி இல்லை. தூக்கினால் வரவில்லை, அவ்வளவுதான்.

கொழுந்தன் மனைவி செல்வி அடுப்படியிலிருந்து வந்தாள். "விடுங்கக்கா, நான் பின்றேன்" என்று சீப்பை வாங்கிக்கொண்டாள். அவளுக்குக் குழந்தை இல்லை. அன்றிலிருந்து சீப்பு அவளிடமே இருந்தது.

பிறகு இமைகள் தொங்கின. சோற்றை மென்றால் தாடை ஓய்ந்தது. பெரம்பலூர் டாக்டர் திருச்சிக்கு அனுப்பினார். அங்கே பெயர் சொன்னார்கள்: மயஸ்தீனியா கிராவிஸ் (நரம்பின் கட்டளை தசைக்குப் போய்ச் சேராத நோய்). கிருமியை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பொருள் (உடல் தன் பாதுகாப்புக்குச் செய்யும் புரதம்) வழி தவறி என் தசைகளையே மறித்துக்கொண்டிருந்தது.

விழுங்கவும் முடியாமல் போனபோது பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை (ரத்தத்தின் நீர்ப்பகுதியைப் பிரித்தெடுத்து, வேறு திரவம் செலுத்துவது) செய்தார்கள். என்னுடையது வைக்கோல் நிறத்தில் பையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். சாயங்காலம் வீடியோ காலில் மகள் வருவாள். இறுக்கமான இரண்டு சடைகள், ஓரத்தில் செல்வியின் வளையல் கை. அந்தக் கையைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

சிகிச்சை முடிந்தபோது கைகள் மேலே போயின. ரஞ்சன்குடிப் பக்கம் எங்கள் காட்டுக் கிணற்றைக் கோடையில் தூர் வாருவது வழக்கம். சேறு போனால் தெளிந்த தண்ணீர் ஊறும். என் வீட்டுக்காரர் இதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

"தூர் வாரியாச்சு புள்ள. இனிமே நல்ல ஊத்துதான்."

எனக்கும் அதுவே பிடித்திருந்தது. வரதராஜன்பேட்டையில் செல்வியின் அம்மா வீட்டில் முந்திரி பொறுக்க ஆள் இல்லை என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். "நீ போயிட்டு வா. நான்தான் நல்லாயிட்டேனே" என்று நானே அனுப்பிவைத்தேன். மகள் பஸ் வரைக்கும் அழுதுகொண்டே போனாள். அதையும் மனதில் குறித்துவைத்துக்கொண்டேன்.

சில வாரங்கள் சீப்பு என் கையில். பிறகு ஒரு காலை, அதே இரண்டாவது சடை, அதே பாதி. மகள் ஒற்றைச் சடையோடு பள்ளிக்குப் போய்த் திட்டு வாங்கி வந்தாள். வீட்டுக்காரர் போன் செய்ததும் செல்வி அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

திருச்சி டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "ரத்தத்துல இருந்ததைத்தான் எடுத்தோம்மா. அதைச் செய்யற செல்கள் உள்ளேயேதான் இருக்கு. ரத்தத்துக்கு வெளியே உடம்புல ஊறிக் கிடக்கறது முதல்ல திரும்பக் கசிஞ்சு வரும். அப்புறம் புதுசா செய்யும். சில பேருக்கு முன்னைவிட வேகமாவே செய்யும்."

"தூர் வாரின கெணறு மாதிரிதான் சார்" என்றார் என் வீட்டுக்காரர், மெதுவாக. "சுத்தியிருக்கற மண்ணுலேர்ந்து கசியும். ஊத்துக்கண்ணும் தொறந்துக்கும்."

"அதேதான். அந்தக் கண்ணைச் சுருக்கத்தான் மாத்திரை. அதுக்கு மாசக்கணக்காகும்."

என் உடம்பின் மேலேயே எனக்குப் பொறாமை வந்தது. சோறு மெல்லத் தெம்பில்லாத உடம்புக்கு, எனக்கு எதிரானதைச் செய்ய மட்டும் இத்தனை சுறுசுறுப்பு.

மறுபடியும் பிளாஸ்மா மாற்றினார்கள். மாத்திரையில் முகம் ஊதியது. இந்தச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கை எழும்புகிற நாட்களைக் குணம் என்று எண்ணி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பிளாஸ்மாவோடு நல்ல எதிர்ப்பொருளும் போய்விடுகிறது. அது திரும்பி ஊறும்வரை காய்ச்சல் கண்டவர்களிடமிருந்து தள்ளியிருங்கள்.

ஊற்று மெல்லச் சுருங்கியது. இப்போது என் நாளைக் கடிகாரத்தை வைத்து அளப்பதில்லை. எழுந்ததும் கையில் எவ்வளவு தெம்பு இருக்கிறது என்று பார்க்கிறேன், அன்றைய பொழுது அவ்வளவுதான். காலையில் மகள் நடுவில் உட்காருவாள். வலது சடை நான், இடது செல்வி. சாயங்காலம் மகள் பள்ளியிலிருந்து வந்ததும் நான் முதலில் பார்ப்பது ரிப்பனைத்தான். செல்வி கட்டியது அப்படியே இருக்கும். என்னுடையது அவிழ்ந்து தொங்கும்.

போன வாரம் மகள் தலையை அசைத்துச் சிணுங்கினாள். "சித்தி, அம்மா மாதிரி லூசா பின்னு. நீ இறுக்குனா வலிக்குது."

செல்வியின் கை நின்றுவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். மருத்துவமனைக் கட்டிலில் போனைப் பிடித்துக்கொண்டு நான் வைத்திருந்த முகம் அது.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

என் பக்கம் இன்னும் பாதி பாக்கி. கையிலும் தெம்பு பாக்கி இருந்தது. இரண்டு கைகளையும் மடியில் இறக்கி வைத்துக்கொண்டேன்.

"இன்னிக்கி முடியல செல்வி. இதையும் நீயே பின்னிடு."