பின்னால் கூப்பிடாத காலை

நாற்பது பக்க நோட்டில் முப்பத்தொரு பக்கம் அண்ணனைப் பற்றி எழுதிவிட்டேன். அவன் கடலுக்குப் போன கடைசிக் காலை மட்டும் வரவில்லை. மூன்று தடவை எழுதினேன். ஒன்றில் நான் கரையிலேயே இல்லை. இன்னொன்றில் கயிறு நன்றாக இருந்தது. மூன்றாவதில் கத்திக் கூப்பிட்டேன். மூன்றும் பொய். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்குப் பொய் மட்டும் தங்குதடையில்லாமல் வருகிறது.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். அதனால்தான் கடலுக்குப் போகாமல் ராயபுரம் கரையிலேயே கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தேன். அண்ணன் கட்டுமரத்தைத் தள்ளும்போதெல்லாம் காற்று திரும்புகிறது, தண்ணீர் எடுத்தாயா என்று பின்னாலிருந்து கூப்பிடுவேன். அப்படிக் கூப்பிட்டால் போனவன் திரும்பமாட்டான் என்பது எங்கள் குப்பத்து நம்பிக்கை.

"வாயை வூட்லயே வெச்சிட்டு வாடா. என்னைச் சாவடிச்சாதான் நீ ஓய்வே போல" என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் சொன்னான். கரையே சிரித்தது.

மறுநாள் காலை, கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய பின்கயிறு நைந்து பிரிபிரியாக நின்றதைப் பார்த்தேன். வாய் வரைக்கும் வந்தது. அந்தச் சிரிப்பும் கூடவே வந்தது. நின்றுவிட்டேன். மூன்றாம் நாள் கட்டைகள் தனித்தனியாகத் திருவொற்றியூர்ப் பக்கம் ஒதுங்கின. அவன் ஒதுங்கவில்லை.

நான் கூப்பிட்டதால்தான் போனான் என்று குப்பம் முடிவு செய்தது. அண்ணியும் நம்பினாள். மூன்று வருடமாகச் சோறு போடுகிறாள், முகம் பார்ப்பதில்லை. நான் மறுக்கவில்லை. ஒளிந்துகொள்ள அந்தப் பழியே போதுமாக இருந்தது.

நேற்று நோட்டைப் பார்த்துவிட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"எப்பப் பாத்தாலும் இன்னா எழுதிகினு கீறே?"

"அண்ணனைப் பத்தி, அண்ணி."

மீன்கூடையை இறக்கிவைத்து எதிரில் உட்கார்ந்தாள். "அன்னிக்கு இன்னா சொல்லிக் கூப்ட்டே? அதைப் படி."

மூன்றாவது பொய் திறந்திருந்தது. 'அண்ணே, கயிற்றைப் பார்.' அதைப் படித்திருக்கலாம். கண் அதன் மேல்தான் இருந்தது.

"கூப்டல அண்ணி. கயிறு நைஞ்சி கீறதைப் பாத்தேன். வாயைத் தொறக்கல."

அடிப்பாள் என்று நினைத்தேன். கூடையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"தெனம் கூப்டுவியேடா" என்றாள். "தெனம் கூப்டுவியே."

இன்று அந்தக் காலையை அவளிடம் சொன்னபடியே எழுதினேன். அடுப்படியில் இன்று எனக்குத் தட்டு வைக்கவில்லை.